ஆக்ராவில் போட்ட தபால்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஜம்பு அங்கிளுக்கு மட்டும் அப்பா தன் கையால் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறார். இன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் "ரமா" என்று அம்மாவைக் கூப்பிடுகிறவர். வஹாப் அங்கிளுக்கு நான்தான் கொடுத்தேன். ஜம்பு அங்கிளின் கப்பை மட்டும் அப்பா தட்டிலிருந்து எடுத்து, பிடி அவர் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நீட்டினார். ஜம்பு அங்கிள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் ராணுவத்தில் ஒரே பாராசூட் பட்டாலியன். எண்பத்தெட்டில் மாலத்தீவுக்குப் போன ஆபரேஷனைப் பற்றி வருஷா வருஷம் புனேயில் எங்கள் தாபோடி வீட்டில் கூடிப் பேசுவார்கள். சில நாள் வேலைதான் அது. முப்பத்தேழு வருஷமாகப் பேசித் தீரவில்லை. இந்தத் தடவை ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு நாலு பக்கம். அவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள், நான் கேட்டுத் தமிழில் டைப் பண்ண வேண்டும். என் பெயரைச் சொன்னது அப்பா. என்னைக் கேட்கவில்லை.

"புள்ள இப்ப என்ன படிக்கா?" என்றார் வஹாப் அங்கிள்.

"ட்வெல்த். சயன்ஸ்." அப்பா.

நான் ஒன்பதாவதில் கணக்கில் இரண்டு தரம் ஃபெயிலாகி, வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"என்னவே ஜெகா, உம்ம மகளைப் பேச வைக்க ரேஷன் கார்டு காட்டணுமோ?" என்று வஹாப் அங்கிள் கேட்பதும் எல்லாரும் சிரிப்பதும் சமையலறைக்குக் கேட்டது.

30 செப்டம்பர்

ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. காதில் ஹெட்போன் போட்டால் அவர்கள் பேச, நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

4 அக்டோபர்

வஹாப் அங்கிள் பதினோரு குரல் அனுப்பியிருக்கிறார். விமான் நகரில் அவருடைய மொபைல் கடையில் உட்கார்ந்தபடி பேசியது. நடுநடுவே "பையா, டெம்பர்ட் கிளாஸ் நஹி ஹை" என்று கஸ்டமருக்குப் பதில். அதையும் டைப் பண்ணிவிட்டு அழித்தேன்.

விமானத்துக்குள் ஜீப்பும் ஆட்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததாம். எங்கே போகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாதாம். ஒருவன் வாந்தி எடுக்க ஹெல்மெட்டைக் கழற்றினானாம், சுபேதார் சாப் "அது தலைக்கு" என்றாராம். "எனக்கு வலப் பக்கம் ஜம்பு. இடப் பக்கம் ஒரு கடுவாலிப் பையன், இமயமலைப் பக்கத்துக்காரன்."

அங்கே நிறுத்தித் திரும்பக் கேட்டேன்.

அப்பா எனக்கு இதே கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஹெல்மெட், வாந்தி, சுபேதார் சாப் எல்லாம் அதில் உண்டு. அதில் வஹாப் அங்கிளுக்கு இடப் பக்கம் இருந்தது அப்பா.

மறதியாக இருக்கும். முப்பத்தேழு வருஷம்.

எட்டாவது குரலில் இப்படி வருகிறது: "ஏறுறதுக்கு முந்தி வாட்ச், மோதிரம், பெட்டிச் சாவி, எல்லாத்தையும் ரியர் பார்ட்டில இருந்த உங்க அப்பாட்ட குடுத்தோம்—" பிறகு ஒரு இருமல். "ஏ புள்ள, அந்த வரி வேண்டாம். அதை எடுத்துரு."

5 அக்டோபர்

ரியர் பார்ட்டி என்றால் என்ன என்று கூகுளில் தேடினேன். பட்டாலியன் கிளம்பும்போது முகாமைப் பார்த்துக்கொள்ளப் பின்னால் தங்குகிறவர்கள்.

5 அக்டோபர், சாயங்காலம்

அப்பா டியூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா பார்க்கிறே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் போகவே இல்லையா? அப்படியென்றால் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோ? அது விமானத்தின் பக்கத்தில் நிற்கிற போட்டோ. பக்கத்தில்தான்.

8 அக்டோபர்

ஜம்பு அங்கிள் மூன்றே குரல் அனுப்பினார். முதல் இரண்டில் விமானம், ஓடுதளம், இருட்டு, கடல் வாசனை. மூன்றாவது வேறு மாதிரி. கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"கெளம்பறதுக்கு முன்னாடி வூட்டுக்கு ஒரு லெட்டர் எழுதித் தரச் சொன்னாங்க. ஒருவேளை திரும்பி வரலைன்னா அனுப்பறதுக்கு. அது எங்க பழக்கம். எழுதி மூடி ரியர் பார்ட்டி ஆள்கிட்ட குடுத்துடுவோம், திரும்பி வந்ததும் வாங்கிக் கிழிச்சுப் போட்டுடுவோம். நான் எழுதினது மூணு வரி. 'இந்தக் காகிதம் வந்தா நான் இல்லைன்னு அர்த்தம். அழாதீங்க. பசுவை விக்காதீங்க.' அப்புறம் கையெழுத்து. நாங்க அங்க நல்லாத்தான் இருந்தோம். ஆனா அந்த லெட்டர் குடியாத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டுது.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வூட்டு வாத்தியார் படிச்சுக் காட்டினார். காரியமெல்லாம் பண்ணிட்டாங்க. பதினேழு நாள் கழிச்சு நான் பையைத் தூக்கிக்கினு பஸ்ல இருந்து எறங்கறேன், சலூன்காரன் என்னைப் பார்த்துட்டுக் கத்தியைப் போட்டுட்டு ஓடறான். அம்மா வெளிய வந்தாங்க. என்னைத் தொடலை. நின்னு பார்த்தாங்க. உள்ள போய் அரிசி களைய ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா பின்பக்கமா போயிடுவாங்க. நான் அனுப்பற லெட்டரைக்கூடக் கையால தொட்டதில்லை.

"இதை டைப் பண்ணும்மா. உங்கப்பன்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. பேப்பர்ல. எனக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு போன்ல படிக்க முடியலை."

ரியர் பார்ட்டி ஆள்.

நான் இரண்டு சப்பாத்தியைக் கருக்கிவிட்டேன். அம்மா திட்டினாள்.

11 அக்டோபர், சனி

டைப் பண்ணின பேப்பரோடு தனியாகத் தளேகாவ், ஜம்பு அங்கிள் வீட்டுக்குப் போய்வந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு. "நீயா? தனியாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள், டப்பாவில் நாலு தேப்லாச் சப்பாத்தி வைத்துக் கொடுத்தாள். தாபோடியில் லோணாவளா லோக்கல் ரயில் ஏறினேன். தேஹு ரோடு வரை உட்காரவில்லை. இடம் இருந்தது. உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்பார்.

ஜம்பு அங்கிள் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். வீட்டில் அவர் மட்டும்தான். ஆன்ட்டி மகள் வீட்டுக்கு நாசிக் போயிருக்கிறாள். பேப்பரை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திப் படித்தார். ரொம்ப நேரம் எடுத்தது.

"ஸ்கூல் இன்னிக்கு லீவாம்மா?" என்றார் படித்துக்கொண்டே.

எப்படி வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன்: "நான் படிக்கலை அங்கிள். ஒன்பதோட நின்னுட்டேன்."

"தெரியும்மா."

"அப்பா உங்ககிட்ட—"

"உங்கப்பன் சொல்லுவான், நாங்க கேட்டுக்குவோம். விமானத்துல வந்தேன்னு சொல்லுவான், அதையும் கேட்டுக்குவோம். அவனுக்கு அப்போ கணுக்கால் சுளுக்கு. பாராசூட் பிராக்டீஸ்ல குதிக்கும்போது விழுந்தான். அதான் விட்டுட்டுப் போனாங்க. அதுல என்ன தப்பு? யாராவது ஒருத்தன் சாவியை வெச்சுக்கணும்ல?"

பிறகு, நான் கேட்காமலே: "அவன்தான் போட்டான். விமானத்துக்கு என்னமோ ஆயிட்டுதுன்னு ரெண்டாம் நாள் கேன்டீன்ல எவனோ புரளி கெளப்பி வுட்டிருக்கான். இவன் என் லெட்டரை எடுத்துப் போட்டுட்டான். நான் அங்கிருந்து நேரா லீவுல வூட்டுக்குப் போய்ட்டு கேம்ப்புக்குத் திரும்பி வந்ததும் 'லெட்டர் வூட்டுக்குப் போச்சா ஜம்பு?'ன்னு கேட்டான். அவன் முகத்தைப் பார்க்கணுமே. வரலைடா, எங்கயோ தொலைஞ்சுட்டுது போலன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அப்பாவுக்குத் தெரியாதா?"

"இது வரைக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் அங்கிள் இப்ப?"

"அம்மா போயி பதினாறு வருஷம் ஆச்சு. அவங்க பட்டது எங்கயாவது ஒரு எடத்துல எழுதி இருக்கணும்னு தோணிச்சு." பேப்பரை மடித்தார். "வேணாம். கிழிச்சுடு. அவன் ஒடைஞ்சு போயிடுவான்."

ஆனால் அவர் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷனில் லோக்கல் வந்து நின்றதும் எடுத்து என் கையில் கொடுத்தார். இதை என்ன செய்யவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் வாயே இப்படித்தான்.

12 அக்டோபர்

பேப்பர் என் துணி அடுக்குக்குக் கீழே. துணியை மூன்று தரம் மடித்து வைத்தேன்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்கு தீபாவளி. அம்மா சக்லி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நல்ல குஷியில் வந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ சஹானா. என் பங்கு."

விமானத்துக்குள் நெருக்கடி. வாந்தி. ஹெல்மெட். சுபேதார் சாப். எனக்கு மனப்பாடம். அவர் சொல்வதற்கு முன்பே என் விரல் அடித்துவிடும் போல இருந்தது. கடல் வாசனை என்று வந்தபோது விரல் நின்றுவிட்டது. அது ஜம்பு அங்கிளுடைய கடல்.

"இன்னா ஆச்சு?"

"நெட் இல்லை."

"டைப் பண்ண எதுக்கு நெட்டு?" சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

இது அச்சாகும். இருநூறு பேர் படிப்பார்கள். அதில் அந்த பட்டாலியன்காரர்கள் எத்தனை பேர்! யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். படித்துவிட்டு அப்பா முதுகில் தட்டுவார்கள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. இவர் மட்டும் தெரியாமல் நிற்பார்.

இல்லை, தெரிந்தே நிற்பாரோ?

23 அக்டோபர்

"ஜம்புவோட பக்கம் எங்கே? எல்லாத்தையும் ஒரு தரம் பார்த்துட்டு பிரஸ்ஸுக்குத் தரணும்" என்றார் அப்பா. இன்னும் முடியவில்லை என்றேன். பொய்.

25 அக்டோபர்

அம்மாவிடம் சொல்லலாமா என்று இரண்டு தரம் சமையலறை வரை போனேன். அம்மாவுக்குத் தெரியுமா? கல்யாணம் ஆனதிலிருந்து அந்த விமானக் கதையைக் கேட்கிறாள். ஒரு தரமாவது ஒரு கேள்வி கேட்டிருப்பாளா? கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "இன்னாடி சுத்திச் சுத்தி வர்றே?" என்று ஒரு கட்டு மேத்திக் கீரையைக் கிள்ளக் கொடுத்தாள். கிள்ளினேன்.

27 அக்டோபர், திங்கள்

காலையில் அப்பாவின் டிபன் பையில், டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் அந்தப் பேப்பரை வைத்துவிட்டேன். அவர் ஹாரிஸ் பாலம் தாண்டியிருப்பார் என்று தோன்றுகிற வரைக்கும் பால்கனியில் நின்றேன். ஓடிப்போய் வாங்கிவிடலாமா? பஸ் எந்த நம்பர்? ஐயோ என்ன பண்ணிட்டேன். அவர் சாப்பிடுகிற நேரத்தில். யாராவது சாப்பிடுகிற நேரத்தில் வைப்பாங்களா?

27 அக்டோபர், சாயங்காலம்

டப்பா திறக்காமலே வந்தது. பேப்பர் பையில் இல்லை.

28 அக்டோபர்

அம்மா அப்பாவிடம் "பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

30 அக்டோபர்

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை ஜம்புவே சொன்னானா? அவன் வாயால?"

தலையாட்டினேன். குரலைக் கேட்கிறீர்களா என்று போனை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

1 நவம்பர், சனி

மத்தியானம் கூப்பிட்டார். "பழசை அழிச்சுடு. புதுசா எழுதிக்கோ." அம்மா கதவோரம் வந்து நின்றாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். அதிலிருந்து கொஞ்சம்:

"நான் விமானத்தில் ஏறவில்லை. கணுக்கால் வீங்கியிருந்ததால் ஆக்ராவில் ரியர் பார்ட்டியில் இருந்தேன். பதினான்கு பேருடைய வாட்சும் சாவியும் கடிதமும் என்னிடம் இருந்தன. இரண்டாம் நாள் ஒரு புரளி கேட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. ஜம்புலிங்கம் என் பக்கத்துக் கட்டில்காரன். அவன் வீட்டுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்து அவன் கடிதத்தை மட்டும் எடுத்துத் தபாலில் போட்டேன்."

இங்கே நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மறுநாள் காலையிலேயே எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சுட்டுது. நொண்டிக்கினே போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். தபால் பை போயிட்டுது. பக்கத்து ஜன்னல்லதான் தந்தி. 'ஜம்பு நலம்'னு ரெண்டு வார்த்தை. அடிச்சிருக்கலாம்." மூக்கை உறிஞ்சினார். "அடிச்சா ஏன்னு கேப்பாங்க. லெட்டரைப் போட்டது வெளிய வந்துடும். மேல இருக்கறவங்க முன்னால நிக்கணும். அந்த லெட்டர் தொலைஞ்சு போகணும்னு வேண்டிக்கினேன். தந்தி அடிக்கலை. இதையும் எழுது."

அம்மா உள்ளே போய்விட்டாள். குக்கர் கழுவுகிற சத்தம் கேட்டது. அந்தக் குக்கர் ஏற்கனவே கழுவி வைத்ததுதான்.

2 நவம்பர், ஞாயிறு

வந்தார்கள். வஹாப் அங்கிள் ஒரு கிலோ பாக்கர்வடிப் பலகாரத்தோடு. "வேய், இந்த வருஷமாவது சிரிச்சிக்கிட்டே போட்டோ எடுக்கணும்" என்று வரும்போதே சத்தம். யாரும் சிரிக்காததைப் பார்த்து அமைதியானார்.

அப்பா தன் பக்கத்தைப் பேப்பராக ஜம்பு அங்கிளிடம் கொடுத்தார். அதே மாதிரி ஜன்னல் பக்கம் பிடித்து, விரலை நகர்த்தி. பாதி வரை முகம் மாறவில்லை. ஒரு இடத்தில் "இதெல்லாம் எதுக்குடா ஜெகா, விடு" என்றுகூடச் சொன்னார். பிறகு விரல் நின்றது.

"மறுநாளே தெரியுமா?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"மறுநாளே தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்."

"நான் இத்தனை வருஷமா, தெரியாம பண்ணிட்டான், புள்ளப்பூச்சி, பயந்துட்டான்னு நெனைச்சுக்கினு இருக்கேன். பதினேழு நாள்டா. தாலியைத் தவிர ஒரு குண்டுமணி இல்லாம எங்கம்மா அத்தனையும் கழட்டிப் போட்டுட்டாங்க. ஒரு தந்தி. ரெண்டு வார்த்தை."

"ஜம்பு, உக்காரு," என்றார் வஹாப் அங்கிள். "மனுசன் சொல்லிட்டாம்லா?"

"நீ வாயை மூடு வஹாப்பு." எழுந்துவிட்டார். செருப்பு போடும்போது வார் மாட்டவில்லை. அப்பா குனிந்தார் மாட்டிவிட. ஜம்பு அங்கிள் காலை இழுத்துக்கொண்டார். "என் பக்கத்தையும் எடுத்துடு, இவன் பக்கத்தையும் எடுத்துடு. ஒண்ணும் வேணாம்." என்னைப் பார்த்துச் சொன்னார். அத்தனை பேரில் என்னைப் பார்த்து.

வஹாப் அங்கிள் அவர் பின்னாலேயே ஓடினார். பாக்கர்வடி பிரிக்காமல் அப்படியே.

நான்தானே டிபன் பையில் வைத்தேன். யார் சொன்னார்கள் என்னை?

அப்பா சொன்னார்: "அவன் சொன்ன மாதிரி அழிச்சுடு."

3 நவம்பர்

அழிக்கவில்லை. ஃபைலைத் திறப்பேன், மூடுவேன். பிரஸ்ஸுக்குப் பத்தாம் தேதிக்குள் போக வேண்டும். மற்ற எல்லாருடைய பக்கமும் தயார்.

இன்றைக்குத்தான் அவர்கள் மாலத்தீவுக்குப் பறந்த தேதி. எந்த வருஷமும் இந்த நாளில் மூன்று பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். அப்பா சார்ஜரைக் கழற்றாமல் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

5 நவம்பர்

வஹாப் அங்கிள் வந்து அரை மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டுப் போனார். போகும்போது என்னிடம் மெதுவாக: "ரெண்டும் பிடிவாதக் கழுதைங்க புள்ள. நீ எதையும் அழிச்சிராதே."

அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டாள், "அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தீங்களா ஒரு தரமாவது?" அப்பா இல்லை என்று தலையாட்டினார். அம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

7 நவம்பர்

மனிதர்கள் எப்படி இதையெல்லாம் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள்?

9 நவம்பர், ஞாயிறு

காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. ஜம்பு அங்கிள். அப்பாவுடைய நம்பருக்கு இல்லை, எனக்கு. சாதாரணமாக நான் எடுக்கமாட்டேன், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு மெசேஜ் அனுப்புவேன். எடுத்தேன்.

"அழிச்சுட்டியாம்மா?"

"இல்லை அங்கிள்."

பின்னால் ரயில் போகிற சத்தம்.

"என் பக்கத்துல எல்லா எடத்துலயும் 'அம்மா, அம்மா'ன்னே இருக்குது. படிக்கிறவனுக்கு யாருன்னு தெரிய வேணாமா? பேரு போடு. பாலாம்பாள். முதல்ல வர்ற எடத்துல போட்டாப் போதும்."

"சரி அங்கிள்."

"உங்கப்பன் பக்கத்துல ஒரு எழுத்து மாத்தாதே. தந்தியும் இருக்கட்டும்."

"அப்பாகிட்ட போனைத் தரட்டுமா?"

"வேணாம்." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இன்னிக்கு வேணாம்."

அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றிருந்தது.

நான் ஃபைலைத் திறந்து, 'அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது' என்ற வரிக்கு முன்னால் போய், 'என் அம்மா பாலாம்பாள்' என்று சேர்த்தேன். இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து, பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.